ஊராட்சி அலுவலகம் வரை வந்த இணையம் வீடு வரை வருவது எப்படி?

கிராமத்துச் சாலைகளில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் மெல்லிய கறுப்புக் கேபிள் ஒன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். சில ஊர்களில் அது கேபிள் டிவிக்காரர் இழுத்தது. பல ஊர்களில் அது மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் கண்ணாடி இழை. ‘எங்க ஊருக்கு பைபர் வந்தாச்சு’ என்று பேச்சு கிளம்பும். ஆனால் பிள்ளைகள் இன்னமும் செல்போன் சிக்னல் தேடி மொட்டை மாடிக்குத்தான் போவார்கள். ஊருக்கு வந்தது வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

நாட்டிலுள்ள சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது என்று 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அப்போது திட்டத்தின் பெயர் தேசிய கண்ணாடி இழை வலையமைப்பு. இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளைத் தொடவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது.

இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 8 சதவீதத்தை உரிமக் கட்டணமாக அரசுக்குக் கட்டுகின்றன. அந்த எட்டில் ஐந்து, அதாவது வருவாயில் 5 சதவீதம், கிராமப்புறத் தொலைத்தொடர்புக்கென்றே உள்ள ஒரு நிதிக்குப் போகிறது. யூ.எஸ்.ஓ. நிதி என்று அறியப்பட்ட அது, 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி ஆகியிருக்கிறது. நிறுவனங்களின் வருவாய் என்பது நாம் கட்டும் பில்தானே. ஆக, ஒவ்வொரு ரீசார்ஜிலும் இந்தத் திட்டத்துக்குக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்கத் தயங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு ஊராட்சிகள் இரண்டாம் கட்டத்தில்தான் உள்ளே வந்தன. இங்கே வேலையைச் செய்வது மாநில அரசின் நிறுவனமான டான்பிநெட், அதாவது தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம். 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் குறைந்தது 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் இணைப்புக் கொடுப்பது இலக்கு. கேபிளில் ஏறக்குறைய 85 சதவீதம் மின்கம்பங்கள் வழியாகவும் மீதி மண்ணுக்கு அடியிலும் போகும் என்று திட்டமிட்டார்கள். முதலில் விட்ட டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று புகார் எழுந்து, அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக விடும்படி 2020இல் மத்திய அரசு சொன்னது. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஊராட்சிக்கு வந்த இழை அங்கே எதில் போய் முடிகிறது? ஊராட்சி அலுவலகத்திலோ கிராம ஊராட்சி சேவை மையத்திலோ வேறோர் அரசுக் கட்டடத்திலோ ஓர் அறை ஒதுக்கியிருப்பார்கள். அங்கே ஓர் இரும்பு ரேக், அதற்குள் ரவுட்டர், பக்கத்தில் யூபிஎஸ். அந்த அறைக்குத் தடையில்லாமல் கரண்ட் இருக்க வேண்டும், பூட்டு இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் பொறுப்பு என்று மாவட்ட நிர்வாகங்கள் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கின்றன. அந்த அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் பழைய நாற்காலிகளையும் அடுக்கி வைத்திருந்தால், உங்கள் ஊர் பாரத்நெட்டின் நிலைமையை வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மின்விசிறியைச் செருகியிருந்தாலும் அப்படித்தான்.

அந்த அறிவிப்புகளில் இன்னொன்றும் இருக்கும்: இந்தக் கேபிளில் தாமிரம் போன்ற உலோகம் எதுவும் கிடையாது, வெட்டி எடுத்துப்போனாலும் எதற்கும் உதவாது, சேதப்படுத்தினால் குற்ற வழக்கு. காயலான் கடையில் போட்டால் காசு வரும் என்று நினைத்து அறுத்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சொன்னது அது. நடந்ததால்தான் சொல்ல வேண்டி வந்தது.

இனி முக்கியமான இடம். 12,525 ஊராட்சிகள் என்பது 12,525 கட்டடங்கள். ஆனால் தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்குள் சுமார் 79,000 குடியிருப்புகள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறுக்கும் மேல். தாய்க் கிராமத்தில் அலுவலகம், ரேக், இழை எல்லாம் இருக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்ள குடியிருப்பில் ஒன்றும் இருக்காது. கணக்கில் மட்டும் இரண்டும் சேர்ந்து ‘இணைக்கப்பட்ட ஊராட்சி’. குடிநீர்த் திட்டத்தில் மேல்நிலைத் தொட்டி கட்டி முடித்துவிட்டு, தெருக்குழாயை இன்னும் போடாத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெருக்குழாயைப் போடுவது பெரும்பாலும் அரசு நேரடியாகச் செய்யும் வேலை இல்லை. ஊராட்சி வரை வந்த இணையக் கொள்ளளவையும் பயன்படாமல் மிச்சமுள்ள இழைகளையும் வாடகைக்கு எடுத்து வீடுகளுக்குக் கொண்டுபோவதற்கு யாராவது முன்வர வேண்டும். அது இணைய நிறுவனமாக இருக்கலாம், நம்ம ஊர் கேபிள்காரராகவும் இருக்கலாம். டான்பிநெட்டும் உள்ளூர்த் தொழில் பங்காளர்களுக்காக விண்ணப்பம் கேட்டிருக்கிறது. முன்னூறு வீடு அடுத்தடுத்து இருக்கும் ஊரில் ஆள் கிடைப்பார். தோட்டத்துக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும் ஊரில் கிடைக்க மாட்டார். ஒரு வீட்டுக்காக அரை கிலோமீட்டர் கேபிள் இழுத்தால் அவருக்குக் கட்டாது. என்னைக் கேட்டால், திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். பக்கத்துக் கேரளத்தில் 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கேபோன் என்ற மாநில அரசின் இணையத் திட்டம், அரசு அலுவலகங்களோடு சேர்த்து 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதையும் இலக்காகச் சொன்னது. அந்த இலக்கு எட்ட இன்னும் வெகுதூரம் இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் ஒரு திட்டம் கட்டடங்களை எண்ணுகிறதா, வீடுகளை எண்ணுகிறதா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

மத்திய அரசுக்கும் இது புரியாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பழைய அமைப்பில் வட்டாரத் தலைநகரிலிருந்து ஊராட்சிக்கு ஒரே கோடாகக் கேபிள் போகும். நடுவில் எங்காவது அறுந்தால் அதற்கப்பால் எல்லாம் இருட்டு. புதியதில் வளையமாக இணைக்கிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கமாகத் தகவல் போய்ச் சேரும். பராமரிப்பையும் பத்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு என்ற இலக்கும் உண்டு. திட்டத்தை நடத்தும் பொறுப்பு பிஎஸ்என்எல்லிடம். வீட்டு இணைப்பை ‘பாரத்நெட் உத்யமி’ என்ற உள்ளூர்த் தொழில்முனைவோர் மூலம் கொடுத்து, வருமானத்தை அவரும் பிஎஸ்என்எல்லும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கு ‘தேவை எழுந்தால்’ இணைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தைக் கவனியுங்கள். தேவை தானாக எழாது, ஊர் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘நெட் வேணும்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்’ என்று பொதுவாகவே பதில் வரும். ரேக் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, இப்போது இயங்குகிறதா, பள்ளிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் இணைப்புக் கொடுத்தாயிற்றா, வீட்டு இணைப்புக்கு யாரை நியமித்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். எத்தனை வீடுகள் இணைப்பு கேட்கின்றன என்ற எண்ணிக்கையோடு தீர்மானம் போட வையுங்கள். பதில் கிடைக்காவிட்டால் ‘முதல்வரின் முகவரி’ என்ற மாநில அரசின் புகார் எண் 1100க்குக் கூப்பிடலாம். இல்லையென்றால் டான்பிநெட்டின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

இணைப்பு கிடைக்கும் நிலை வந்துவிட்டால், பணம் கட்டும் முன் சில விஷயங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. விளம்பரத்தில் உள்ள விலை பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேராதது. 399 என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 471. ‘அன்லிமிடெட்’ என்றால் எத்தனை ஜிபி வரை முழு வேகம், அதற்குப் பிறகு எவ்வளவு என்று கேளுங்கள். மோடம் இலவசமா, டெபாசிட்டா, இணைப்பை விட்டால் அந்தப் பணம் திரும்ப வருமா என்பதும் முக்கியம். வேகத்தைப் பற்றி ஒன்று: 100 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். கடைக்காரர் ‘நூறு எம்பி’ என்றால் நொடிக்கு நூறு மெகாபைட் என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம், பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது 2023 ஜனவரியிலிருந்து விதி. அதற்கு முன் 512 கேபிபிஎஸ் இருந்தாலே போதும் என்றிருந்தது.

நெட் நின்றுபோனால் முதலில் மோடத்தைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை. எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது அல்லது வீட்டுக்குள்ளேயே கட்டில் கால் அதன்மேல் ஏறியிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் ஜாயின்ட் போடும் மெஷினோடு ஆள் வந்தாக வேண்டும்.

அவர் வருவதற்கும் கணக்கு உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி, வயர்வழி இணைப்பில் பழுதைச் சரிசெய்ய மூன்று நாளுக்கு மேல் ஆனால் வாடிக்கையாளருக்கு ஈடு கொடுக்க வேண்டும். புதிய பிராட்பேண்ட் இணைப்புகளைப் பணம் கட்டிய ஏழு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ஆனால் கேபிள் அண்ணனுக்குப் போன் போட்டு ‘அண்ணே, நெட் வரல’ என்று சொல்வது புகார் ஆகாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பதிவுசெய்து, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது; 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவரவில்லையென்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து மனு செய்யலாம்.

கேபிளை அதிகம் அறுப்பது ஜேசிபி. மண்ணுக்கு அடியில் போகும் பகுதியில், குடிநீர்க் குழாய்க்கோ வடிகாலுக்கோ பள்ளம் எடுக்கும்போது ஒரு இழுப்பில் ஐந்தாறு ஊர் போய்விடும். தோண்டுவதற்கு முன் அங்கே யாருடைய கேபிள் இருக்கிறது என்று அறிந்து தகவல் சொல்வதற்காகவே ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை 2023 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்டது. ஊராட்சி ஒப்பந்ததாரர்களிடம் இதைப் பயன்படுத்தச் சொல்வது ஊராட்சி செயலரால் முடிகிற காரியம்.

பேரூராட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன 12,525 என்பது கிராம ஊராட்சிகள் மட்டும். பேரூராட்சிகள் இந்தக் கணக்கில் இல்லை. சின்ன டவுன்களில் பிஎஸ்என்எல், தனியார், உள்ளூர் கேபிள்காரர் என்றுதான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் இருக்கும் பகுதிகளில் பிஎம்-வானி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டம் பொருத்தமாக இருக்கும். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற இந்தத் திட்டத்தில், டீக்கடையோ மளிகைக்கடையோ வைத்திருப்பவர் உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் சிறு தொகைக்கு வைஃபை விற்கலாம். இது ஓடாமல் கிடந்ததற்கு ஒரு காரணம், இணைய நிறுவனங்கள் இந்தக் கடைக்காரர்களிடம் பெரிய கம்பெனிகளுக்கான கட்டணத்தைக் கேட்டது. 2025 ஜூனில் டிராய் அதற்கு வரம்பு போட்டது: 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு பைபர் திட்டங்களை, வீட்டுக் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.