எக்ஸ்போஷர் ‘வெளிப்பாடு’ அல்ல

‘வெளிப்பாட்டை 50 ஆக அமைக்கவும்.’ பெங்களூரு அல்சூரில், வார இறுதியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுத்தரும் இடத்தில் புழங்கும் கையேட்டில் உள்ள வரி இது. கேமராவுக்குள் எவ்வளவு நேரம் ஒளி பட விடுவது என்ற ‘எக்ஸ்போஷர்’ அமைப்பைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். கேமரா செயலிகளின் தமிழ்ப் பட்டியல், வீடியோக்களின் தமிழ் வசன வரி என்று எங்கே திரும்பினாலும் இதே வெளிப்பாடுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எக்ஸ்போஷரின் வேர் லத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘போனெரே’ என்றால் வைத்தல். வெயிலோ காற்றோ படும்படி மறைப்பில்லாமல் வைப்பது. 1839இல் பிரான்சின் தாகேர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறை உலகுக்குத் தெரிந்த காலத்தில், மருந்தேற்றிய தகட்டின்மேல் நிமிடக்கணக்கில் ஒளி பட விட்டார்கள். இன்று தகட்டின் இடத்தில் ஒளியை உணரும் சில்லான சென்சார் இருக்கிறது. அவ்வளவுதான்.

இனி வெளிப்பாட்டுக்கு வருவோம். உள்ளே இருப்பது வெளியே தெரியவருவது வெளிப்படுதல். கோபத்தின் வெளிப்பாடு, பக்தியின் வெளிப்பாடு என்கிறோம். கேமராவில் நடப்பதோ நேர் எதிர்: வெளியே இருக்கும் ஒளி உள்ளே வந்து விழுகிறது. மூலச் சொல்லில் ‘வெளியே’ என்று கண்டதும் அதைப் பிடித்துக்கொண்டு, எது வெளியே, எது உள்ளே என்று பார்க்காமல் எழுதிவிட்டார்கள். கையேட்டைப் படித்த ஒரு பையன், “வெளிப்பாட்டைக் குறைன்னா ஸ்பீக்கர் சத்தத்தையா அண்ணா?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அவுட்புட்டைக் குறிக்கும் ‘வெளியீடு’ என்பதற்கும் இதற்கும் கொஞ்ச தூரம்தான்.

கையேட்டின் அந்த 50க்கு என்ன பொருள் என்று பார்த்தால் சொல்லின் கோளாறு இன்னும் தெளிவாகும். பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கும் சாதாரண யூஎஸ்பி வெப்கேமை லினக்ஸ் ஓடும் கணினியில் செருகி, கேமரா அமைப்புகளைக் காட்டும் வி4எல்2-சிடிஎல் என்ற கட்டளையால் பட்டியலிட்டால், ‘எக்ஸ்போஷர் டைம் அப்சல்யூட்’ என்று ஒரு வரி வரும். லினக்ஸின் கருவான கெர்னலின் பழைய பதிப்புகளில் ‘டைம்’ இல்லாமல் வெறும் ‘எக்ஸ்போஷர் அப்சல்யூட்’ என்றே இருந்தது. இதன் அலகு 100 மைக்ரோ வினாடி. ஆக 50 என்றால் 5 மில்லி வினாடி. அது ஒரு கால அளவு. அதில் எதுவும் வெளிப்படவில்லை.

ரோபோவுக்கு இந்த நேரம்தான் உயிர். ரோபோ திரும்பும்போது, அது கேமராவால் பார்த்து அடையாளம் காண்பதற்காகச் சுவரில் ஒட்டிய கறுப்பு வெள்ளைக் குறி, படத்தில் வினாடிக்கு 600 பிக்சல் நகர்கிறது என்று வையுங்கள். 33 மில்லி வினாடி ஒளி பட்டால் குறி 20 பிக்சல் இழுபட்டுக் குழம்பிப்போகும். 5 மில்லி வினாடி என்றால் 3 பிக்சல்தான். நிரல் அதைக் கண்டுபிடித்துவிடும். படம் இருட்டடிக்கும், பரவாயில்லை. ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். 5 மில்லி வினாடியில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் அதுதான் காரணம். 100 என்று வைத்தால், அதாவது முழுசாக 10 மில்லி வினாடி, பட்டை மறையும். ஆனால் குறி கூடுதலாக இழுபடும். இழுபடாத படமா, பட்டையில்லாத படமா என்பது அங்கே பார்த்து முடிவுசெய்ய வேண்டியது.

சரி, மாற்று என்ன? ‘ஒளியூட்டல்’ என்பவர்கள் உண்டு. ஊட்டுவது என்றாலே கூடுதலாக ஒரு விளக்கு கொண்டுவந்து வைப்பதுபோல் இருக்கிறது. அந்தச் சொல் மேடை விளக்குக்காரர்களுக்கே இருக்கட்டும். ‘திறப்பு நேரம்’ என்றால், வெப்கேமில் திறந்து மூட ஷட்டர் கதவு ஏது? எல்லாம் மின்னணு வேலை. ‘ஒளியேற்பு’ மோசமில்லை, திசையாவது சரி. ஆனால் ஏற்பது சென்சாரின் விருப்பம்போல் ஒரு தொனி வருகிறது.

தமிழில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: படு. வெயில் படுகிறது, காற்று படுகிறது, ஊறுகாயில் கை படக்கூடாது. ஆகவே செயலுக்கு ஒளிபடல், அமைப்புக்கு ஒளிபடு நேரம். சுடுநீர் போல வினைத்தொகை; பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ‘ஒளிபடு நேரத்தை 50 ஆக வை’ என்றால் எதைக் குறைக்கிறோம் என்று கேட்க வேண்டியதே இல்லை. இது பிடிக்கவில்லையா, எக்ஸ்போஷர் என்றே எழுதுங்கள். தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் எவ்வளவோ மேல். தூய தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் தமிழுக்குக் கெடுதல் செய்வது ஆங்கிலச் சொல் மட்டுமல்ல, அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் சோம்பலும்தான்.

அதே கையேட்டில் ‘கெயின்’ என்பதை ‘ஆதாயம்’ ஆக்கியிருக்கிறார்கள். சென்சாரின் சமிக்ஞையை எத்தனை மடங்கு பெருக்குவது என்ற அமைப்பு அது. அதில் ஆதாயம் எங்கே, கூட்டினால் படத்தில் புள்ளி இரைச்சல் அல்லவா கூடும்? பெருக்கம் என்று எழுதினால் போதும். இன்னொன்று ‘துளை முன்னுரிமை’. ‘ஆட்டோ எக்ஸ்போஷர்’ அமைப்பில் 1 என்றால் நாமே நேரத்தைக் குறிக்கலாம், 3 என்றால் ‘அப்பர்ச்சர் பிரையாரிட்டி’; அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை நாம் வைக்க, நேரத்தைக் கேமரா தானே பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் வந்த பெயர். மலிவான வெப்கேமின் துளை அசையவே அசையாது. ஆங்கிலப் பெயரே அங்கே பொருத்தமில்லை. அதையும் எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்து, பிள்ளைகளை லென்ஸில் துளையைத் தேட விட்டிருக்கிறார்கள். 3க்கு நேராகத் ‘தானியங்கி’ என்று எழுதுங்கள், 1க்குக் ‘கைமுறை’. முதலில் 1ஐ வைத்துவிட்டு அப்புறம்தான் ஒளிபடு நேரத்தைத் தொட வேண்டும் என்று ஒரு வரியும் சேருங்கள். இப்போதைய கையேட்டில் அது இல்லை.