ஜீப்ரா மீனுக்கு வளரும் இதயத்தசை நமக்கு ஏன் வளர்வதில்லை?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து கிளம்புகிறவரிடம் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "அடைப்பை எடுத்தாச்சுல்ல, இனி பழையபடி ஆயிடும்ல?" அடைப்பு நீங்கியது உண்மை. ரத்தம் வராமல் செத்த தசை மட்டும் திரும்புவதில்லை. பெரிய மாரடைப்பில் 100 கோடி தசைச் செல்கள் வரை சாகலாம். அந்த இடத்தை உடம்பு கொலாஜன் என்ற புரத நாரால் தழும்பாக மூடுகிறது. டியூபில் போட்ட பஞ்சர் ஒட்டு மாதிரி, அது கிழியாமல் காக்கும், சுருங்கி விரியாது. மிச்சத் தசை கூடுதல் பாரம் சுமந்து மெல்லத் தளரும்.

அதனால்தான் உசிலம்பட்டிப் பக்கம் யாராவது நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று நினைத்து, சோடா குடித்துவிட்டுக் காத்திருந்தார் என்று கேட்டால் மனம் பதறுகிறது. ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கும். 108-ஐ உடனே அழையுங்கள்.

சரி, தோல் ஆறுகிறது, கல்லீரல் வளர்கிறது, இதயத்துக்கு என்ன தடை? வளர்ச்சி அடியோடு நிற்கவில்லை. 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், அப்போது உருவான செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கிறது. அதை வைத்து 2009-இல் ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசேன் குழு இதயச் செல்களின் வயதைக் கணித்தது. 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் புதிதாகிறது, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. மாரடைப்பின் இழப்புக்கு இது எம்மாத்திரம்!

மதுரையின் வண்ணமீன் கடைகளில் விற்கும் ஜீப்ரா மீனுக்கு, இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். 2002-இல் கண்டது இது. காயத்தருகே உள்ள தசைச் செல்கள் தம் சுருங்கும் இழைகளைத் தளர்த்திவிட்டு, ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. பிறந்த மறுநாள் எலிக்குட்டிக்கும் இந்தத் திறமை உண்டு, ஒரு வாரத்தில் போய்விடும். பிறந்தபின் மூச்சு வழியாகக் கூடுதல் ஆக்சிஜன் வந்து டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவதால் செல் பிரிவதை நிறுத்துகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இது நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

நின்ற பிரிவை மீண்டும் தூண்டலாம் என்று 2019-இல் பன்றிகளில் காட்டினார்கள். மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் சிறு மூலக்கூறான நுண் ஆர்.என்.ஏ. ஒன்றைச் செலுத்தியதும் தழும்பு சுருங்கி, துடிப்பு வலுத்தது. அப்புறம் அந்தப் பிரிவை நிறுத்த வழியில்லாமல் போனது. முதிராத செல்கள் பெருகித் தாளம் குலைந்து பல பன்றிகள் திடீரென்று இறந்தன. ஆகவே இப்போதைய தேடல், தூண்டிவிட்டுச் சில நாட்களில் தானே அடங்கும் மருந்துக்கானது. இன்னொரு பக்கம், ஜெர்மனியில் குருத்தணுக்களிலிருந்து (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) வளர்த்த தசைத் துண்டை இதயத்தின் மேல் தைத்துப் பார்க்கிறார்கள். அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் கூடவே கொடுக்க வேண்டியிருக்கிறது.