தோண்டும் முன் பழைய வரைபடத்தைப் பாருங்கள்

எங்கள் நூலகத்தில் நிலவியல், சுரங்கம் பற்றிய நூல்களும் பழைய சுரங்க வரைபடங்களும் தவிர வேறு எதுவும் கிடையாது. எதையும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. உட்கார்ந்து பார்க்கலாம், நகல் எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. கட்டடப் பொறியாளர்கள்கூட அஸ்திவாரக் குழி உள்வாங்கிய பிறகுதான் தேடி வருகிறார்கள். "மண் பரிசோதனை செய்தோமே" என்பார்கள். சரி, நாலு இடத்தில் துளை போட்டால் அந்த நாலு இடம்தான் தெரியும். இரண்டு துளைகளுக்கு நடுவே என்றோ வெட்டிய சுரங்கப் பாதை ஓடினால்?

2002 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கியூகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் பக்கத்தில் நீர் நிரம்பிக் கிடந்த பழைய சுரங்கத்தை உடைத்துவிட்டார்கள். அவர்கள் கையிலிருந்த வரைபடத்தின்படி அது இன்னும் சுமார் 300 அடி தள்ளி இருக்க வேண்டும். ஆனால் கையிலிருந்தது அந்தப் பழைய சுரங்கத்தின் கடைசி வரைபடம் அல்ல. அதை வரைந்த பிறகும் அங்கே வெட்டியிருக்கிறார்கள். உள்ளே சிக்கிய 9 பேரை 77 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு மீட்டார்கள். 1975 டிசம்பர் 27 அன்று இன்றைய ஜார்க்கண்டில், தன்பாத் அருகே சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில் இப்படிப் புகுந்த வெள்ளத்தில் 375 பேர் இறந்துபோனார்கள். அந்த எண்ணை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

அதனால் வரைபடத்தை விரித்ததும் நடுவில் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கடைசியாக அளந்த தேதி என்ன? சுரங்கம் மூடிய தேதிக்கு முந்தையது என்றால் அதை நம்பித் தோண்டக் கூடாது. அப்புறம் வடக்கு அம்புக்குறி. பழைய சர்வேயர்கள் பலர் காந்த வடக்கை, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கை வைத்தே வரைந்தார்கள். காந்த வடக்கு வருடா வருடம் நகர்வது. ஒரே ஒரு பாகை பிசகினாலும் 1 கிலோமீட்டர் தள்ளி 17 மீட்டர் தவறிவிடும். ஆழம் அடியிலா, பாத்தத்திலா? 1 பாத்தம் என்றால் 6 அடி. அதையும் சுரங்க வாயிலிலிருந்து அளந்தார்களா, கடல் மட்டத்திலிருந்தா?

மூடிய சுரங்க அலுவலகத்தைக் காலி செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மெழுகு பூசியதுபோலப் பளபளக்கும் நீலநிறத் துணிச் சுருள்கள் இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பழைய சுரங்க வரைபடங்களை வரைந்த, கஞ்சி ஏற்றிய துணி அது. தண்ணீர் பட்டாலே மையோடு கரையும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், டேப் ஒட்ட வேண்டாம், நீவி விரிக்கவும் வேண்டாம். தூசியோடு, சுருண்டபடியே கொண்டுவாருங்கள்.