கழுத்து வரை நிறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள்

ஸ்காட்லாந்தில் ஓர் ஏலக் கூடத்தின் பின்கட்டில்தான் எனக்கு வேலை. விற்பனைக்கு வரும் பழைய விஸ்கி பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அசலா போலியா, பட்டியலில் என்ன எழுதுவது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். குடிக்கிற வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளெல்லாம் பாட்டிலோடு கிடந்தாலும் ஒன்றைக்கூடத் திறப்பதில்லை. திறந்தால் அதோடு அதன் விலை போச்சு. உள்ளே இருப்பதைச் சுவைத்துப் பார்க்காமலே லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். போலி செய்கிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

போன குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். இருபது வருடமாக இங்கே மது விற்கும் மளிகைக் கடை வைத்திருப்பவர். துவாயில் சுற்றியிருந்த பாட்டிலைக் குழந்தையை எடுப்பதுபோல எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இதொருக்கா பாரும். நல்ல சாமானோ?"

1930களில் அடைத்த சிங்கிள் மால்ட், அதாவது ஒரே டிஸ்டிலரியில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி, என்றது லேபிள். 4,000 பவுண்டு ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். கூடவே 1938 தேதியிட்ட ஒரு கடிதம்: ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஏதோ ஒரு வேட்டை மாளிகையின் நிலவறைக்கு வாங்கப்பட்ட பாட்டில் இது என்று.

"பாருமன், கழுத்து மட்டும் நிறைஞ்சிருக்கு. ஒரு சொட்டும் குறையேல்லை" என்றார் பெருமையாக.

எனக்கு முதல் நெருடல் அங்கேதான். தக்கை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் மூச்சு விடும். 80, 90 வருடம் போனால் விஸ்கி கழுத்திலிருந்து இறங்கி, பாட்டிலின் தோள் வரைக்கும் வந்திருப்பதுதான் வழக்கம். இறங்காமல் தப்பியவையும் உண்டு, ஆனால் அபூர்வம்.

அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தேன். லேபிள் நீலமும் வெள்ளையுமாக ஒளிர்ந்தது, இசைக் கச்சேரி மேடையின் ஊதா வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி மின்னுமே, அதேபோல. காரணமும் ஏறக்குறைய அதேதான். துணி பளிச்சென்று தெரியச் சோப்புத்தூளில் போடும் பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒன்றைத்தான் காகிதத்திலும் சேர்க்கிறார்கள். அந்த வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியது. 1930களின் லேபிள் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்க வேண்டும். அப்புறம் டார்ச்சைக் கடிதத்தின் பக்கம் திருப்பினேன். அதுவும் மின்னியது. யாழ்ப்பாணத்து அண்ணைக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி மாட்டிக்கொள்வது கடைக்காரர்கள் மட்டுமல்ல. 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல், 1878ஆம் ஆண்டு மெக்காலன் (பேர்போன ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்) என்று நம்பித் தான் வைத்திருந்த பாட்டிலைத் திறந்து, 2 சென்டிலிட்டரை 9,999 பிராங்குக்கு ஊற்றிக் கொடுத்தது. சந்தேகம் கிளம்பி, ஆக்ஸ்ஃபோர்டில் கார்பன் பரிசோதனை செய்தார்கள். 1970க்கும் 1972க்கும் இடையில் வடித்ததாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று வந்தது. சிங்கிள் மால்ட்டும் இல்லை, கலவை விஸ்கி. ஹோட்டலும் ஏமாந்த கட்சிதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அடுத்த வருடம் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் உள்ள ஆய்வு மையத்தில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தார்கள். அதில் 21 போலி, அல்லது லேபிளில் போட்ட வருடத்தில் வடிக்காதவை. இந்தப் பரிசோதனை நடக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்புதான். பார்லி வளரும்போது காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததில் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அப்படி வெடிப்பதைத் தடை செய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்லக் குறைந்தது. அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு வருட அறுவடையிலும் பதிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு என்று சொல்லும் விஸ்கிக்குள் குண்டுக் கார்பன் இருந்தால் வழக்கு முடிந்தது. லேபிளைத் திருத்தலாம், பார்லி உறிஞ்சிய காற்றை எப்படித் திருத்துவது?

எல்லாவற்றுக்கும் ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. பிரிட்டனில் விற்ற 1960களின் பாட்டிலில் வீரியத்தை 70 டிகிரி ப்ரூஃப் என்று போட்டிருப்பார்கள். இன்றைய கணக்கில் 40 சதவீதம். அளவு திரவ அவுன்ஸில் இருக்கும். அந்தக் காலத்து லேபிளில் '40%', '70 cl' என்று கண்டால் பாட்டிலைக் கீழே வைத்துவிடுங்கள். மூடி, தக்கை, மேலுறை, கண்ணாடியின் அடியில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் வேறு கதை சொன்னாலும் விற்றவரிடம் கேள்வி கேளுங்கள். எங்கே கிடைத்தது என்று அவர் சொல்லும் கதை எவ்வளவு உருக்கமோ அவ்வளவு கேள்வி.

சென்னையிலிருந்து எனக்கு அடிக்கடி வரும் வாட்ஸ்அப் ஒன்று உண்டு. "அப்பா 1985இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளாக் லேபிள் அப்படியே இருக்கிறது. 12 வருடம், கூட 40 வருடம், இப்போது 52 வருட விஸ்கிதானே?" இல்லை. விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் பீப்பாயில்தான். பாட்டிலில் அடைத்த நிமிடத்தோடு வயது நின்றுவிடும். அது இன்றும் 12 வருட விஸ்கிதான். பழைய பாட்டில் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், வீடு கட்டும் அளவுக்கெல்லாம் போகாது.

உண்மையிலேயே விலை ஏறுவது வேறு காரணங்களால். 1926இல் வடித்து 60 வருடம் பீப்பாயில் கிடந்த மெக்காலன், 1986இல் 40 பாட்டில்தான் தேறியது. அதில் வலேரியோ அடாமி என்ற ஓவியரின் லேபிள் ஒட்டிய ஒன்று 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் ஏறக்குறைய 22 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஸ்காட்லாந்தில் ஐலா தீவின் போர்ட் எல்லன், வடக்கே ப்ரோரா இரண்டும் 1983இல் மூடப்பட்ட டிஸ்டிலரிகள். இப்போது மறுபடி திறந்துவிட்டார்கள், ஆனால் மூடுவதற்கு முன் வடித்தது இனி ஒரு சொட்டும் கூடப்போவதில்லை.

ஆனால் போலிக்காரர்கள் எல்லோரும் லட்சங்களில் குறி வைப்பதில்லை. சில நூறு பவுண்டு விலையுள்ள பாட்டில்தான் அவர்களுக்குத் தோது. அதை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்ப மாட்டார்கள். விலையுயர்ந்த மால்ட்டின் காலிப் பாட்டிலும் பெட்டியும் இணையத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. அலங்காரத்துக்கு என்று சிலர் வாங்குவது உண்மைதான். மீதி எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடி அசல், லேபிள் அசல், பெட்டி அசல். உள்ளே ஊற்றியது மட்டும் மலிவுச் சரக்கு. இந்த வகைதான் எங்களுக்கே தண்ணி காட்டும். மேலுறையின் ஓரத்தில் பசைத் தடம், ஒட்டுத்தாள் கிழிந்து சேர்ந்த கோடு என்று பூதக்கண்ணாடியோடு தேடுகிறோம்.

விஸ்கியைப் பீப்பாயோடு வாங்கிப் போடும் முதலீடு பற்றியும் கேட்கிறார்கள். அழகான சான்றிதழைக் காட்டி, ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற கதைகள் இங்கே நடந்திருக்கின்றன. சான்றிதழ் காகிதம்தான். பீப்பாயை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லும் டெலிவரி ஆர்டர் கையெழுத்தாகி, கிடங்குக்காரரின் கணக்கில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிப் போகும் என்பதையும், வீரியம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது என்பதையும் தரகர்கள் தாமாகச் சொல்வதில்லை. 2022க்குப் பிறகு ஏல விலைகள் இறங்கியதையும்தான்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் வெயில் படாமல், நிமிர்த்தி வையுங்கள். ஒயின்போலப் படுக்க வைத்தால் சாராயம் தக்கையைத் தின்றுவிடும்.

அந்த 4,000 பவுண்டு அண்ணைக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. விற்றவரின் எண் அன்றிலிருந்தே அணைந்து கிடக்கிறது. போன மாதம் அண்ணை போன் செய்தார். அவர் மகளின் கல்யாணத்துக்குத் திறந்த 18 வருட மெக்காலனின் காலிப் போத்தலைக் கேட்டு, 40 பவுண்டு தருகிறேன் என்று யாரோ கடைக்கு வந்தார்களாம்.

"குடுத்திட்டீங்களா அண்ணை?"

"குப்பைத் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அவரின்ரை கண்ணுக்கு முன்னாலேயே உடைச்சனான் தம்பி."