தப்பித்த செடியைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்

இந்த வாரத்தில் என்னைத் தேடி வந்த விவசாயிகளில் இவர் மூன்றாவது ஆள். துணிப்பையில் நாலைந்து உருளைக்கிழங்கு, மண்கூடத் தட்டவில்லை. "சார், வயல் முழுக்க வண்டு தின்னுடுச்சு, இந்த ஒரு செடியை மட்டும் தொடலை. இதுலேருந்து பூச்சி எதிர்ப்பு ரகம் எடுத்துடலாம்ல?"

எடுக்க முடியாது. எத்தனை தடவை சொல்வது!

நீங்கள் நட்டது ஒரே ரகத்தின் விதைக்கிழங்கு, அதாவது வயலில் நிற்பதெல்லாம் ஒரே செடியின் துண்டுகள். இந்தச் செடிக்கு எதிர்ப்புத்திறன் இருந்தால் பக்கத்துச் செடிக்கும் இருந்தாக வேண்டும், அதைத்தான் வண்டு மொட்டையடித்துவிட்டதே! உங்கள் செடி பத்து நாள் தாமதமாக முளைத்திருக்கும், இல்லை வண்டு அந்தப் பக்கம் வரவே இல்லை, அவ்வளவுதான். மொட்டில் திடீர் மாற்றம் வந்து தோல் நிறம் மாறிய கிழங்குகள் உண்டு. பூச்சி எதிர்ப்பு அப்படிக் கிடைத்து நான் பார்த்ததில்லை. கடிபட்ட செடி பாடம் படித்துக்கொண்டு கிழங்குக்குச் சொல்லிக்கொடுக்கும் என்பதும் கதைதான்.

நிஜமான எதிர்ப்பு காட்டு இனங்களில் இருக்கிறது. பொலிவியாவின் சோலானம் பெர்தோல்டி என்ற காட்டு உருளைச் செடியின் இலையை லென்ஸில் பாருங்கள், ரோமத்தின் நுனியில் பசைத்துளி. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அதில் கால் வைத்தால் பசை ஒட்டிக் கறுத்து இறுகிவிடும், அப்புறம் அதனால் நகர முடியாது. சரி, கலப்பு செய்தால் முடிந்ததா? காட்டுச் செடிக்குப் பெரும்பாலும் 24 குரோமோசோம், நம் கிழங்குக்கு 48; கணக்கு ஒத்துவராததால் கலப்பே லேசில் பிடிக்காது. கலப்பில் வரும் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு தினுசு. ரோமம் வந்தால் கிழங்கு கோலிக்குண்டு அளவில் நிற்கும், கிழங்கு தேறினால் ரோமம் போய்விடும். பத்துப் பதினைந்து வருஷ வேலை. அப்படி வந்தாலும் இலை ரோமம் கிழங்கைக் குடையும் புழுவை என்ன செய்யும்?

கசப்பும் கூடவே வரும். அமெரிக்காவில் 1967-ல் வெளியான லெனாப்பே ரகம் சிப்ஸுக்கு அருமை. அதன் மூதாதையரில் சோலானம் சாக்கோயன்ஸ் என்ற காட்டு இனம் உண்டு. கிளைக்கோ ஆல்கலாய்டு நச்சு அதிகம் என்று 1970-லேயே திரும்பப் பெற்றார்கள். 100 கிராம் கிழங்கில் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. கசக்கிற கிழங்கைத் தூக்கிப் போடுங்கள், வேகவைத்தாலும் நச்சு போகாது. செடியில் தக்காளி மாதிரி தொங்கும் காயைக் குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள்.

அசுவினி விழுந்த வயலில் விதைக்கிழங்கு எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அசுவினி பரப்பும் இலைச்சுருள் வைரஸ் கிழங்கு வழியாகவே அடுத்த பருவத்துக்குப் போகும், வெளிப்பார்வைக்குத் தெரியாது.

அப்படியும் மனசு கேட்கவில்லையா? வயலை விட்டுத் தள்ளி ஒரு மூலையில், தப்பித்த செடியின் கிழங்கை வழக்கமான கிழங்கோடு மாற்றி மாற்றி ஒரே நாளில் நட்டு, மருந்தடிக்காமல் விடுங்கள். எல்லாம் ஒன்றுபோல மொட்டையானால் எனக்குப் போன் வேண்டாம். உங்களுடையது மட்டும் பச்சையாக நின்றால் அன்றைக்கே கூப்பிடுங்கள், நானே வருகிறேன்.