சிக்லோன், சூறாவளி, புயல்: வலுக்குறைந்ததற்கு எந்தச் சொல்?

இந்தியப் பெருங்கடல் தீவுகளான மொரீசியஸ், ரீயூனியனின் தமிழ் வீடுகளில் ஜனவரி பிறந்தால் அடிக்கடி அடிபடும் சொல் ‘சிக்லோன்’; சைக்ளோனின் பிரெஞ்சு உச்சரிப்பு. பெரிதோ சிறிதோ, எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். வானிலைக் கணக்கு வேறு. இந்தக் கடற்பகுதியில் காற்று மணிக்கு 63 முதல் 88 கிலோமீட்டர் வரை வீசினால் அது ‘மிதமான வெப்பமண்டலப் புயல்’. 118-ஐத் தொட்டால்தான் சிக்லோன். பெயர் சூட்டுவது 63-லேயே தொடங்கிவிடுவதால் குழப்பம்.

கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், வட்டத்தையும் பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்பதை ஆக்கினார். மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேடு 1848-இல் வெளிவந்தது. அவருக்குக் கிடைத்த சாட்சிகளுள் ஒன்று மொரீசியஸ் கடலில் இருந்தது: 1845 பிப்ரவரியில் புயலில் சிக்கிய ‘சார்லஸ் ஹெட்டில்’ என்ற பாய்க்கப்பல், நாள்கணக்கில் மையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, புறப்பட்ட தீவின் அருகிலேயே மீண்டும் வந்து நின்றது. காற்று சுழல்கிறது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

தமிழில் இதற்கு நேரானது சூறாவளி. சூறை, வளி இரண்டுமே காற்றுதான். இலங்கையில் இது பெருவழக்கு, தமிழ்நாட்டில் புயல். ஆனால் வலுக்குறைந்த புயலில் காற்றா கெடுக்கிறது? ரீயூனியனின் மலைகள் 3,070 மீட்டர் வரை உயர்ந்தவை. கடலின் ஈரக்காற்று அவற்றில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டித் தீர்க்கிறது. காலையில் கருங்கல் மட்டும் தெரிந்த ‘ரவீன்’ என்னும் மலையோடை, மதியத்துக்குள் சேற்று நிறத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு வருகிறது. தரைப்பாலம் மூழ்கினால் அக்கரை ஊர் தனித்துவிடும். 1980 ஜனவரியில் ‘யாசிந்த்’ என்ற புயல் ரீயூனியன் தீவைச் சுற்றியே திரிந்தபோது, அங்கே கொமெர்சோன் என்னும் மலைப்பகுதியில் 15 நாளில் பெய்த மழை 6,083 மில்லிமீட்டர். 2024 பொங்கலன்று ‘பெலால்’ புயலின் மையம் மொரீசியஸைத் தொடாமலே தெற்கே கடந்தது. ஆனாலும் மழைவெள்ளத்தில் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன.

இங்கேதான் ‘புயல்’ என்ற சொல்லின் பழைய பொருள் கைகொடுக்கிறது. ‘ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்னும் குறளில் புயல் என்றால் மழை. காற்று என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆகவே பெருங்காற்றைச் சூறாவளி என்றும், காற்று குறைந்து மழை மிகுந்ததை மழைப்புயல் என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. ‘மிதமான வெப்பமண்டலப் புயல்’ என்பதை முழுதாகச் சொல்வதற்குள் ஓடை நிரம்பிவிடும்.

மொரீசியஸின் நான்கு படி எச்சரிக்கையில் உச்சப்படி, மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சைப் பொறுத்தது. மழைப்புயல் அந்த எண்ணை எட்டாமலே போகலாம். கனமழை எச்சரிக்கை தனியே வரும், அதையும் கேட்க வேண்டும்.