அலாரம் அடித்ததா, அடங்கியதா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நைட் ஷிப்ட். லண்டனிலிருந்து போனில் பேசியவர், சர்வர் அறையில் 'அலாரம் வெண்ட் ஆஃப்' என்றார். சரி, அடித்துக்கொண்டிருந்தது அடங்கிவிட்டது போல என்று நினைத்து, தேங்க்ஸ் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன். அவர் சொன்னது நேரெதிர்: அலாரம் அடிக்குது, போய்ப் பார் என்று.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம் வீட்டு சுவிட்ச்போர்டு. ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டார் ஆஃப் ஆயிடுச்சு என்று தமிழாகவே ஆகிவிட்ட 'ஆஃப்' சுவிட்சோடு வந்தது, அதனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஏதோ நின்றுவிட்டது என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது மின்சாரத்துக்குப் பல நூற்றாண்டு மூத்த சொல், அடிப்படைப் பொருள் 'இருந்ததை விட்டு விலகி' என்பதுதான்.

எதை விட்டு விலகி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எரிகிற விளக்கு அந்த நிலையை விட்டு விலகினால் அணையும். அலாரமோ சும்மா காத்துக் கிடப்பது. பழைய சாவி கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் தெரியும்: முறுக்கிய ஸ்பிரிங்கை ஒரு சின்னத் தடை பிடித்து வைத்திருக்கும், குறித்த நேரம் வந்ததும் அது விலகும், குட்டிச் சுத்தியல் மணியைப் போட்டுத் தட்டும். ஏறக்குறைய எலிப்பொறி கதைதான். துப்பாக்கி வெடிப்பதை 16ஆம் நூற்றாண்டிலேயே 'கோ ஆஃப்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிரிட்டனில் பாலும் 'கோ ஆஃப்' ஆகும், அதாவது திரிந்துபோகும். அமெரிக்கர்கள் 'கோ பேட்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் மட்டும் என்ன, பால் திரிஞ்சு போச்சு, கரண்ட் போச்சு என்று அதே 'போ'வைத்தானே கூப்பிடுகிறோம்! ஆனால் இந்த மாதிரி இடங்களில் நம் 'போ' வந்தால் பெரும்பாலும் நஷ்டக் கணக்கு, அலாரம் அடித்ததற்கு யாரும் 'அடிச்சுப் போச்சு' என்பதில்லை.

இன்னொன்று, நிறைய பேர் சறுக்குகிற இடம். 'கோ ஆஃப்' தன்வினை மாதிரி, அலாரம் தானாக அடிப்பதற்குத்தான் அது பொருந்தும். தோசை கருகிய புகை அலாரத்தை அடிக்க வைத்தால் 'செட் ஆஃப்', அது பிறவினை. எழுந்து போய் அதை நிறுத்தினால் 'டர்ன் ஆஃப்'. ஆக, அடிப்பதும் ஆஃப், அடிக்க வைப்பதும் ஆஃப், அடக்குவதும் ஆஃப். வெள்ளைக்காரனுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லையாம்!

இந்த 'ஆஃப்' நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. சமஸ்கிருதத்தின் 'அப' இதற்குத் தூரத்துச் சொந்தம், இந்தோ-ஐரோப்பிய மூலம் ஒன்றுதான். அபகரிப்பு என்கிற சொல்லில் இருப்பது அதே 'விலக்கி எடுப்பது'. பாடுகிறவர் சுருதி விலகினால் ஆங்கிலத்தில் 'ஆஃப் கீ' என்பார்கள், சபாவில் முன்வரிசை மாமா முகத்தைச் சுளித்து 'அபஸ்வரம்' என்பார்.